ஜோக் அருவிக்கு எந்த மாதம் போவது?

ஓர் அருவிக்குப் போகலாம் என்று ஐந்து பேர் முடிவுசெய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எந்த மாதம் போவது என்று முடிவுசெய்ய எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. கர்நாடகத்தின் ஜோக் அருவியைப் பற்றித்தான் சொல்கிறேன். பெங்களூரில் ஆய்வு மாணவர் விடுதியில் ஐந்தாண்டுகள் ஒன்றாக வாழ்ந்த நாங்கள், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு இந்த ஆண்டு இறுதிக்குள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிடுவோம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணமும் ஒரு பயணத்துக்குத்தான் காணும். ஆகவே அந்த ஒரு பயணம் பிழையில்லாமல் அமைய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் கவனம் இருந்தது.

தீர்த்தஹள்ளிக்கு அருகே அம்புதீர்த்தத்தில் பிறக்கும் ஷராவதி ஆறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்காடுகளைக் கடந்து ஹொன்னாவரத்தில் அரபிக்கடலைச் சேர்கிறது. இடையில் 253 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நான்கு கிளைகளாக அது விழும் இடமே ஜோக். ராஜா எதிலும் மோதாமல் ஒரே பாய்ச்சலில் இறங்குவது. ராணி பாறையைத் தழுவியபடி நுரைத்து வழிவது. படங்களில் நாம் காணும் வெண்மதில் போன்ற பெருக்கு ஆண்டில் சில வாரங்களே வாய்ப்பது. அந்த வாரங்களைத் தீர்மானிப்பதில் மழைக்குப் பாதிப் பங்குதான் உண்டு என்பதைத் திட்டமிடத் தொடங்கிய பிறகே அறிந்துகொண்டேன்.

மறுபாதி, அருவிக்குச் சில கிலோமீட்டர் மேலே 1964-இல் கட்டிமுடிக்கப்பட்ட லிங்கனமக்கி அணையின் கையில் இருக்கிறது. அங்கே தேங்கும் நீர் கால்வாய் வழியாகத் தலகளலே நீர்த்தேக்கத்துக்குச் சென்று, ராட்சதக் குழாய்களில் இறங்கி, 1035 மெகாவாட் திறன்கொண்ட ஷராவதி மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அந்த நீர் அருவியைத் தொடுவதே இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் அணைக்குக் கீழே பெய்யும் மழை அருவிக்கு உயிர் கொடுக்கும். ஆனால் அம்மாதங்களில் பள்ளத்தாக்கை மூடும் மூடுபனியால், மணிக்கணக்கில் காத்திருந்தும் ஓசையை மட்டும் கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அணை நிரம்பி மதகுகள் திறக்கப்படும் ஆகஸ்ட், செப்டம்பரே உகந்த காலம். அதுவும் எல்லா ஆண்டுகளிலும் நிரம்பிவிடுவதில்லை. ஆகவே ஆகஸ்ட் கடைசி வாரம் என்று குறித்தோம். பெங்களூரு வழியாகத் தலகுப்பா வரை இரவு ரயில் உண்டு. அங்கிருந்து அருவிக்கு அதிக தூரமில்லை. கூட்டத்துக்கு அஞ்சி, வார நாளாகவும் பார்த்து வைத்தோம்.

தங்குமிடம் குறித்துக் கேட்க, எங்களுள் ஒருவரான சாகர வட்டத்து நண்பர் தம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய அஜ்ஜி கைபேசியை வாங்கி, "எந்த மாதம் வருகிறீர்கள், தம்மா?" என்று கேட்டார். ஆகஸ்ட் என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கன்னடத்தில் அவர் சொன்னதன் பொருள் இது: "அப்போது வந்தால் உங்களுக்கு அருவி தெரியும். என் ஊர் தெரியாதே."

அஜ்ஜிக்கு எண்பது கடந்துவிட்டது. அவர் மணமாகிச் சென்ற ஊர் லிங்கனமக்கியின் நீருக்கடியில் இருக்கிறது. பாக்குத் தோட்டமும் வயலும் கிணறுமாக இருந்த வீட்டிலிருந்து பாத்திரங்களையும் இரண்டு கதவுகளையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வெளியேறிய குடும்பம் அது. அப்படி வெளியேறியவை ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அவர்களில் பலர் காட்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். அறுபது ஆண்டுகள் கடந்தும், அந்த நிலங்களுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அலைவோர் சிவமொக்கா மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

கோடையில் நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் மூழ்கியவற்றுள் சில வெளிப்படுகின்றன. 1948-இல் தொடங்கிய பழைய மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்ட ஹிரேபாஸ்கர அணையே பின்னர் வந்த பெரிய அணைக்குள் மூழ்கிப்போனது. கோடையில் அது தலைகாட்டும்போது பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அஜ்ஜியின் ஊரில் ஒரு கிணற்றின் கல்வளையமும் ஒரு துளசி மாடத்தின் அடிப்பாகமும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரிந்தனவாம். நண்பரின் மாமா பார்த்துவிட்டு வந்து சொன்னார். முழங்கால் வலியால் அஜ்ஜியை யாரும் அழைத்துச் செல்லவில்லை.

எங்கள் கணக்கு குழம்பியது அன்றுதான். அருவி நிறைந்திருக்க அணை நிறைந்திருக்க வேண்டும். ஊர் தெரிய வேண்டுமானால் அணை வற்ற வேண்டும், அப்போது ஜோக்கில் பாறைமீது சில வெள்ளி இழைகள் மட்டுமே இருக்கும். ஒரே ஆற்றின் இரண்டு காட்சிகளையும் ஒரே பயணத்தில் காண வழியில்லை.

கன்னடப் புதினங்களில் இடப்பெயர்வு என்பதே என் ஆய்வுப் பொருள். சாகரத்தில் வாழ்ந்த நா. டிசோசாவின் 'த்வீப' புதினத்தையும், அதை ஒட்டி கிரீஷ் காசரவள்ளி இயக்கிய திரைப்படத்தையும் பற்றி ஓர் இயல் முழுக்க எழுதியிருக்கிறேன். ஏறும் நீருக்கு நடுவே வீட்டைவிட மறுக்கும் குடும்பத்தின் கதை அது. அந்த இயலை எழுதிய மேசையிலேயே அமர்ந்து, மதகு திறக்கும் நாளையும் நான்தான் தேடிக்கொண்டிருந்தேன். மேசைவிளக்கில் எரியும் மின்சாரத்தில் ஷராவதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் அஜ்ஜியின் கேள்விக்குப் பிறகு அந்த விளக்கைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழு வாரம் விவாதித்தோம். "இவ்வளவு தூரம் போய் வறண்ட பாறையைப் பார்ப்பதா?" என்றார் ஒருவர். அது நியாயமான கேள்வி. அவர் சிறுவயது முதலே ஜோக்கைக் கனவு கண்டவர். மே மாதத்தில் நீர் போதுமான அளவு இறங்காமல் போனால் அருவியும் இல்லை, ஊரும் இல்லை என்றார் மற்றொருவர். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. அஜ்ஜியிடமே கேட்டோம். "தெரியாவிட்டால் கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எந்தத் திசை என்று எனக்குத் தெரியும்" என்றார்.

மே மூன்றாம் வாரம் போகிறோம். இருவர் விலகிக்கொண்டார்கள். ஆகஸ்டில் கடன் வாங்கியாவது போவார்கள், அதில் எங்களுக்குள் மனத்தாங்கல் ஏதுமில்லை. சாகரத்திலிருந்து ஜீப் பேசியிருக்கிறோம். வற்றிய நீர்த்தேக்கத்தின் சேறு மேலே காய்ந்து உள்ளே இளகியிருக்கும் என்பதால், உள்ளூர்க்காரர் ஒருவர் துணையின்றிக் கரையைவிட்டு இறங்குவதில்லை என்றும் தீர்மானம். அருவியை மறுநாள் காலை, இருக்கிற நீரோடு பார்த்துக்கொள்வோம்.

எங்களிடம் அஜ்ஜி வேண்டியது ஒன்றுதான்: ஊன்றுகோல் சேற்றில் புதையாமல் இருக்க அடியில் மாட்டும் அகலமான ரப்பர்க் குமிழ். இரண்டு கடைகளில் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. பெங்களூரில் அது எங்கே கிடைக்கும் என்று அறிந்த நண்பர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.