மாமாவின் கேசட்டுகள்

என் தாய்மாமா மர்ஹூம் அவர்கள் மரக்காணத்தில் சிறியதொரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது 'ஃபெட் 2' என்னும் காமிரா. ரஷ்யக் காமிரா என்றுதான் ஊரில் சொல்வோம். உண்மையில் அது உக்ரைனின் கார்கிவ் நகரில் செய்யப்பட்டது. ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அங்கே நடத்தப்பட்ட தொழிற்குடியிருப்பில், ஜெர்மனியின் லைக்காவைப் பார்த்து 1934ல் அந்தப் பிள்ளைகளின் கைகளால் செய்யத் தொடங்கிய காமிராவின் வழிவந்தது. எத்தீம்கள் செய்த காமிரா என்று மாமா அதனைத் தனி மரியாதையோடு எடுப்பார்கள்.

கறுப்பு வெள்ளைப் பிலிம் நம் உதகையிலேயே 'இந்து' என்ற பெயரில் உருவாகிவந்த காலம் அது. அந்த ஆலை இப்போது இல்லை. மாமா பிலிமை நூறடிச் சுருளாக வாங்கி, இருட்டறையில் தாமே வெட்டிக் கேசட்டுகளில் சுற்றிக்கொள்வார்கள். முப்பத்தாறு படங்களுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் வேண்டும். ஒரு சுருளில் பதினெட்டுக் கேசட்டுகள் நிரம்பும்.

கேசட்டுகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, வாயில் வெல்வெட் துணி ஒட்டியது. ஒளி உள்ளே புகாமல் அத்துணி காக்கும். ஆனால் பிலிம் போகும்போதும் திரும்பும்போதும் அதில் உரசியே செல்லும். மற்றது லைக்கா முறையில் அமைந்தது. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள், இரண்டிலும் நெடுக ஒரு பிளவு. காமிராவின் அடிச்சாவியைத் திருகிப் பூட்டினால் பிளவுகள் நேர்ப்பட்டு வழி அகலத் திறக்கும். பிலிம் எதிலும் உராயாது. சாவியைத் திருப்பினால் மூடி கழலும் முன்பே வழி அடைபடும். கீவ் காமிராவுக்கும் இப்படியொரு கேசட் உண்டு, ஆயினும் அது காண்டாக்ஸ் அளவில் அமைந்தது, ஃபெட்டில் பொருந்தாது. மாமாவிடம் உலோகக் கேசட்டுகள் இரண்டே இருந்தன. உப்பளத்துப் பக்கம் போனால் அவற்றைத்தான் எடுப்பார்கள்.

1991ம் ஆண்டுக் கோடையில் அத்தாவுக்கு ஹஜ் விண்ணப்பத்திற்காகப் படம் தேவைப்பட்டது. அதுவரை படத்திற்கு இணங்காதவர்கள் அத்தா. (அது பற்றிய சட்ட விவாதம் இக்கட்டுரைக்கு வேண்டாம்.) ஸ்டுடியோவில் மின்சாரம் இல்லை. அத்தா வேலை செய்த உப்பளத்திலேயே, வெள்ளைத் திரைக்குப் பதிலாக உப்புக் குவியலின் முன் நிறுத்தி எடுத்துவிடலாம் என்றார்கள் மாமா. உலோகக் கேசட்டுகள் இரண்டிலும் கழுவாத பிலிம் இருந்தபடியால், அன்று வெல்வெட் கேசட்டே துணை. அதனைத் தகர டப்பியில் இட்டு என்னிடம் ஒப்படைத்தார்கள். நானோ வரப்பில் நடந்தபடி அதனை வெளியே எடுத்து விளையாடிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையில் நான் பொறுக்கி வைத்த உப்புக் கற்கள் இருந்தன.

"தம்பி, பிரஷ்ஷால் வாயைத் துடைத்தாயா?"

"துடைத்துவிட்டேன் மாமா."

நான் துடைக்கவில்லை.

எடுத்த நான்கு படங்களிலும் அத்தாவின் கண்ணுக்குக் குறுக்கே ஒரே நேர்கோடு. மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாமா அன்றிரவு முழுவதும் பூதக்கண்ணாடியின் கீழ் நெகடிவை வைத்து, கீறலைக் கூரிய பென்சிலால் நிரப்பினார்கள். காலையில் அத்தாவிடம், "மச்சான், கேசட்டின் குற்றம், மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு, வெல்வெட் கேசட்டுகள் பதினேழையும் குப்பையில் கொட்டினார்கள். புதியவை வாங்க அவர்கள் கைமாற்று வாங்கியதையும் நான் அறிவேன். வாய் திறக்கவில்லை.

பின்னாளில் ஒன்று படித்தேன். 1830களில் இங்கிலாந்தின் டால்பட், காகிதத்தை உப்பு நீரில் நனைத்து வெள்ளி நைட்ரேட் பூசித்தான் படம் பிடித்தார்; அது அழியாதிருக்கவும் முதலில் கெட்டியான உப்பு நீரையே பயன்படுத்தினார். மாமாவுக்குச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். அதனைச் சொல்லப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டுமே என்று அதையும் சொல்லவில்லை. இன்று அத்தாவும் இல்லை, மாமாவும் இல்லை.

மதரசாவில் பிள்ளைகளுக்கு அமானிதத்தைப் பற்றிப் பாடம் நடத்திய ஒரு நாள், அதற்குமேல் என்னால் பொறுக்க இயலவில்லை. மாமாவின் மகனிடம் சென்று நடந்ததைக் கூறி, பதினேழு கேசட்டுகளுக்கு ஒரு தொகையை வைத்து, ஹலால் ஆக்கித் தரும்படி கேட்டேன்.

"மச்சான், இதற்கா இத்தனை நாள்?" என்று சிரித்தார். பணத்தைத் தொடவில்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

உலோகக் கேசட்டுகள் இரண்டும் அதில் இருந்தன. அடியில் ஒரு காகித உறை. உள்ளே அந்த நெகடிவ். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அத்தாவின் கண்ணுக்குக் குறுக்கே மாமாவின் பென்சில் கோடுகள், மயிரிழை மயிரிழையாக.