1.4 வோல்ட் தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு!

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். ‘என்ன சார் வேணும்? டிஸ்ப்ளேவா, சார்ஜரா?’ என்ற குரல்கள் தெருமுனையிலேயே வரவேற்கும். பைக், தள்ளுவண்டி, தலையில் அட்டைப்பெட்டி சுமந்து வரும் ஆட்கள் என எல்லோருக்கும் வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

செல்போனுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் வருகிற கூட்டத்தில், எப்போதாவது வேறு ரகத்தினரும் தென்படுவார்கள். கையில் துண்டுச்சீட்டு, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, வீட்டுப் பரணில் ஒரு வால்வு ரேடியோ. ஒரு சனிக்கிழமை மதியம் அப்படித்தான் வந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். துணைக்கு பாலிடெக்னிக் படிக்கும் பேத்தி.

அவர்கள் வீட்டு ரேடியோ கரன்ட்டில் ஓடுவதல்ல, பேட்டரி செட். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக வந்தது. அதற்கு இரண்டு மின்னழுத்தம் வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க 1.4 வோல்ட். வால்வு வேலை செய்ய 90 வோல்ட். இரண்டையும் தந்த அந்தக் கால பேட்டரிகள் இன்று கடைகளில் இல்லை. எனவே, கரன்ட்டிலிருந்து அதே அளவுகளைத் தரும் ‘எலிமினேட்டர்’ ஒன்றைச் செய்வதுதான் வழி.

முடியைவிட மெல்லிய இழை

உங்கள் வீட்டு ரேடியோ எந்த வகை? வால்வின் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய முறைப்படி பெயரிட்ட வால்வுகளில் முதல் எழுத்து ‘ஈ’ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பேட்டரி செட்டில் வருவது இதுதான். ஆசிரியர் வீட்டு செட்டில் டிகே 96, டிஎஃப் 96, டிஏஎஃப் 96, டிஎல் 96 என நான்கு வால்வுகள். நான்கும் சேர்ந்து இழைக்காக எடுப்பது 125 மில்லி ஆம்பியர்தான்.

ஆனால், இழை முடியைவிட மெல்லியது. சாதாரண எலிமினேட்டர்கள் லோடு இல்லாதபோது மேலே எழுதியிருப்பதைவிட அதிகமாகவே வோல்ட் தரும். வீட்டுக் கரன்ட் ஏறினால் இவையும் ஏறும். டார்ச் பல்பைப் போல இழை ஒரு நொடியில் அறுந்துவிடும். மற்ற உதிரிகள் எல்லாம் இந்தத் தெருவில் கிடைக்கும். இந்த வால்வுகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பழைய கையிருப்பைத் தேடி அலைய வேண்டியதுதான். அதனால்தான் வெறும் பவர் சப்ளை போதாது, எந்த நிலையிலும் அளவு மாறாத ‘ரெகுலேட்டட்’ பவர் சப்ளை தேவைப்படுகிறது.

கடை கடையாக...

“இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ சிரமம்? மொபைல் சார்ஜர்ல இருந்து எடுத்துக்கலாமே?” என்றார் முதல் கடைக்காரர்.

“எடுக்கலாம் தம்பி. ஆனா, ரேடியோவுல பாட்டுக்குப் பதிலா ‘கொர்ர்’னு சார்ஜர் சத்தம்தான் கேக்கும்” என்றார் ஆசிரியர்.

அது உண்மைதான். மொபைல் சார்ஜர் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறது. அதில் எழும் இரைச்சல் மீடியம் வேவ் அலைவரிசை முழுக்கப் பரவும். கனமாக இருந்தாலும் இரும்புத் தகடு போட்ட பழைய பாணி டிரான்ஸ்பார்மர்தான் அமைதியானது.

இழைக்கு: 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு 4007 டையோடு, ஒரு கெப்பாசிட்டர், எல்எம் 317 என்ற மூன்று கால் ஐசி, அதற்குச் சிறு ஹீட் சிங்க். 240 ஓம்ஸ், 27 ஓம்ஸ் என இரண்டு ரெசிஸ்டர்களை ஐசியுடன் சேர்த்தால் 1.39 வோல்ட்டில் நின்றுவிடும். திருகி மாற்றும் ப்ரீசெட் வைப்பதாகச் சொன்ன பேத்தியைத் தாத்தா தடுத்தார். ப்ரீசெட்டில் தொடர்பு விட்டுப்போனால் 1.4 இருக்க வேண்டிய இடத்தில் ஆறேழு வோல்ட் பாய்ந்துவிடும். சால்டர் செய்த ரெசிஸ்டர் என்றால் அந்தப் பயம் குறைவு.

90 வோல்ட்டுக்கு இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். முதலாவது 230-ஐ 12 ஆக்கும். அந்த 12-ஐ, 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் 24 வோல்ட் பக்கத்தில் கொடுத்தால், மறுபக்கம் 100 வோல்ட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். அதை டிசி ஆக்கினால் 140 வோல்ட் சொச்சம். நடுவில் 3.3 கிலோ ஓம்ஸ், 5 வாட்ஸ் ரெசிஸ்டர். அதன்பின் 10 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்பதை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட்டில் நிற்கும்.

“நேரா 230-லயே டையோடு போட்டு, ரெசிஸ்டர் வெச்சுக் குறைச்சுடலாமே தாத்தா?”

“குறையும்மா. ஆனா, ரேடியோ சேசிஸைத் தொட்டா ஷாக் அடிக்கும். டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரன்ட்டுக்கும் நமக்கும் நடுவுல சுவர் மாதிரி.”

முதலில் மீட்டர், பிறகு ரேடியோ

செய்து முடித்ததும் ரேடியோவில் மாட்டிவிடக் கூடாது. 1.4 வோல்ட் பக்கம் 10 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை லோடாக மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். 90 வோல்ட் வயரும் 1.4 வோல்ட் வயரும் ஒருமுறை மாறினாலும் நான்கு வால்வும் ஒன்றாகப் போய்விடும். அதனால் இரண்டுக்கும் ஒன்றில் ஒன்று நுழையாத வெவ்வேறு பிளக்குகள் வாங்கினார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: சுவிட்சை அணைத்த பிறகும் 90 வோல்ட் பக்கத்துக் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்க 100 கிலோ ஓம்ஸ், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே நிரந்தரமாகப் போட வேண்டும். வேலையில் பழக்கமில்லாதவர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை 11 மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் நரசிங்கபுரம் தெருவையும் விட்டுவிடாதீர்கள். உதிரிகளின் எண்ணையும் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். ‘ரேடியோவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்’ என்று கேட்டால் கடைக்காரரும் விழிப்பார்.

இவ்வளவு செய்தாலும் இந்த ரேடியோவில் எஃப்எம் வராது. மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முள்ளை நகர்த்தினால் சென்னை வானொலி கிடைக்கும். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியாகச் சென்னையில் தொடங்கிய நிலையம் அது. பொழுது சாய்ந்தால் மீடியம் வேவ் வெகுதூரம் போகும். கடல் கடந்த நிலையங்களும் மெல்லக் கேட்கும். ஆனால், நாடு முழுக்க மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. பரணில் ரேடியோ வைத்திருப்பவர்கள் அதிக நாள் தள்ளிப்போட வேண்டாம்.