பல்லிடுக்கு அழுக்கும் ஒரு பாடம்தான்

“நுண்ணுயிரிகளைக் கண்டவர் லேவன்ஹூக்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது ஒரு மார்க், அவ்வளவுதான். அந்த மனிதரின் கதையைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. லத்தீன் தெரியாது. தானே தேய்த்துச் செய்த குட்டி லென்ஸ் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே உயிர்கள் நெளிந்தன. 1676இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்புக்கு விரிவாக எழுதினார். அவர்கள் உடனே நம்பிவிடவில்லை. மறு ஆண்டு அந்த அமைப்பைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் மிளகு ஊறிய தண்ணீரைத் தானே சோதித்துக் கண்ட பிறகுதான் ஏற்றார்கள். 1683இல் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, அதிலும் உயிர்கள் இருப்பதாக எழுதினார்.

கதை முடிந்ததும் என் மகள் கேட்டாள்: “அப்பா, யார் சொன்னாலும் நாமளே பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?”

ஆமாம் கண்ணு. அறிவியலின் அடிப்படையே அதுதான்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, கண்டுபிடிப்பைச் சொல்லும்போது அது எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வரட்டும்.