இரண்டு பேரேடுகள்

எங்கள் இரும்புக் கடையில் வாப்பா இரண்டு பேரேடுகள் வைத்திருந்தார்கள். ஒன்று வரி அலுவலகத்துக்கு. மற்றொன்று மெய்யான கணக்கு. ரமலான் பிறந்ததும் இரண்டாவதை மட்டுமே விரிப்பார்கள். ஆணி மூட்டைகூடத் தராசில் ஏறும். வராத கடன் தனியே எழுதப்படும். நாற்பதில் ஒரு பங்கு ஸக்காத் காசு பிசகாமல் பிரியும். "இதே தொகையை அங்கேயும் காட்டினால் என்ன, முதலாளி?" என்று கணக்கப்பிள்ளை ஒருமுறை கேட்டுவிட்டார். வாப்பா மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது பன்னிரண்டு.

பிடிபடும் வாய்ப்பையும் தண்டத்தையும் எடைபோட்டே மனிதன் வரி ஏய்க்கிறான் என்று 1972இல் ஆலிங்ஹாம், சாண்ட்மோ என்னும் பொருளியல் அறிஞர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். ஆனால் ஸக்காத் கணக்கைச் சோதிக்க எங்கள் கடைக்கு எந்த அதிகாரியும் வந்ததில்லை. மறுமை அச்சம்தான் காரணம் என்பீர்களாயின், அது பொய்ப் பேரேட்டுக்கும் பொருந்துமே!

1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் மேல்வரி உட்பட 97.75 விழுக்காடு. எங்கள் கடை அந்த வரம்பின் பக்கம்கூடப் போனதில்லை. ஆயினும் கடைத்தெரு முழுவதும் அந்த எண்ணைச் சொல்லியே மனத்தைத் தேற்றிக்கொண்டது. 1985-86இல் அது 50 ஆகக் குறைந்தது. துண்டுச் சீட்டு வியாபாரம் குறையவில்லை. எதிர்க்கடை சீட்டில் விற்கும்போது பில் போட்டவன் விலையில் தோற்றான். அதனினும் பெரிய காரணம் வேறு என்பது என் எண்ணம். ஸக்காத் எந்த வீட்டு அடுப்பை எரித்தது என்பதை வாப்பா கண்ணால் கண்டார்கள். வரியோ, சரக்கைத் தெருவில் கொட்டிச் சோதித்த ஓர் அலுவலரின் முகமாகவே அவர்களுக்குத் தெரிந்தது.

இப்போது கடை என் பொறுப்பில். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபின், பதிவு பெற்ற வணிகர்கள் தாமே பில் கேட்கிறார்கள். நாங்கள் கணக்கு ஏற்றினால்தான் கொடுத்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ள இயலும். அங்கே என் நேர்மைக்கு வேலையில்லை. சோதனை, சொந்த வீடு கட்டுபவரிடம்தான். சென்ற மாதம் ஒருவர், "பில் வேண்டாம் பாய், அந்தப் பதினெட்டு சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இயலாது என்றேன். எதிர்க்கடையில் கம்பி வாங்கிச் சென்றார்.

அதற்கு முந்தைய வாரம் வேறொருவருக்கு நானே துண்டுச் சீட்டில் கொடுத்தனுப்பினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதன் நகல் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.