த்ரீ நாட் த்ரீயும் கடைசி ஓர் அங்குலமும்

சென்ற வாரம் பேரன் கைப்பேசியில் பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, நீங்க தூக்குனது இதுதான?" என்றான். எங்கள் காலத்துக் காவலர்களின் தோள் இன்றும் மறக்காத த்ரீ நாட் த்ரீதான் அது.

போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் துப்பாக்கிகளில் தோட்டா குழலுக்குள் போக இரண்டு வழி உண்டு. 1898-இல் வந்த ஜெர்மனியின் மவுசரில், தோட்டா மேகசினை விட்டு மேலே எழும்போதே ஒரு பெரிய கொக்கி அதன் அடியைக் கவ்விக்கொள்ளும். பாதியில் மனம் மாறிப் பின்னால் இழுத்தால், தோட்டாவும் கூடவே வந்துவிடும்.

எங்களுடைய லீ என்ஃபீல்டு அப்படியல்ல. போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கடைசி ஓர் அங்குலத்தில் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். அதையும் மீறித் தள்ளி மடக்கினால்தான் கொக்கி பிடிக்கும். தவிர, அந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் சிக்கிக்கொள்ளும். பயிற்சியில் நான் அப்படி மாற்றிப் போட்டுவிட்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடியிருக்கிறேன்.

1984 டிசம்பர் தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே நம் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். ஊரே திருவிழாவாக இருந்தபோது, நான் வெளியூரில் ஓட்டுப் பெட்டிகளுக்குக் காவல் நின்றேன். என்னோடு நின்றவன் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன்.

நள்ளிரவுக்கு மேல் சுவருக்கு அப்பால் சரசரவென்று சத்தம். பையன் பயத்தில் போல்ட்டைத் தள்ளினான். ஸ்பிரிங் எதிர்த்த இடத்தில் கை நின்றது. உடனே பின்னால் இழுத்தான். தோட்டா வெளியே வரவில்லை. ஏறவே இல்லை என்று நினைத்து மறுபடி தள்ளப் போனான்.

"டேய், தள்ளாதடா!" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

முதல் தோட்டா குழலுக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவதின் கூர்முனை அதன் அடியில், கேப் இருக்கும் இடத்தில் போய் இடிக்கும். போல்ட் பூட்டாத நிலையில் அது வெடித்தால், பாய்வது பின்பக்கமும்தான். அவன் முகம் அங்கே இருந்தது.

குழலை மண்ணைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன். மேகசினைக் கழற்றினேன். போல்ட்டை முழுதும் தள்ளி மடக்கித் திரும்ப இழுத்தேன். இப்போது கொக்கி பிடித்து, தோட்டா வெளியே விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவருக்கு அப்பால் ஒரு வெள்ளாடு வேப்பங்கொழையைத் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, ஐயாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஆனால் விடியும்வரை அவனைத் தோட்டா இல்லாமல் நூறு தடவையாவது போல்ட்டை முழுதாகத் தள்ளி மடக்க வைத்தேன்.

"அப்ப மவுசர்தான் நல்ல துப்பாக்கியா தாத்தா?" என்றான் பேரன்.

"பயந்தவன் கைக்கு மவுசர் நல்லது. பழகின கைக்கு நம்ம த்ரீ நாட் த்ரீயும் குறைச்சலில்லப்பா" என்றேன். அந்தப் பையனும் இன்று ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். அந்த ஆட்டைப் பற்றி மட்டும் இருவருமே பேசுவதில்லை.