ஒரே மண், எல்லா வேலையும்

வில்லியனூரில் சுடுமண் வேலை கற்க வருகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணா, நான் முகம் செய்யறத மட்டும் கத்துக்கறேன். மண்ணு மிதிக்கறது, சூளை அடுக்கறதெல்லாம் வேற ஆளு பாக்கட்டுமே?" இன்னொரு வகையினரும் உண்டு. கொஞ்ச நாள் மெழுகுவத்தி, கொஞ்ச நாள் காகிதக்கூழ் பொம்மை, கொஞ்ச நாள் சுடுமண் என்று பயிற்சிச் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள். இரண்டு பேருக்கும் பிழைப்பு பற்றிய கவலை இருக்கிறது, அது நியாயமான கவலை. ஆனால் இரண்டு வழியிலும் எனக்கு உடன்பாடில்லை. பொருள் ஒன்றாக இருக்கட்டும், அந்தப் பொருளுக்கு ஆகவேண்டிய வேலை அத்தனையும் ஒரே கைக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

ஐயனார் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரக் குதிரை உள்ளே முழுக்க வெற்றிடம். மண்ணில் மணலும் உமியும் கலக்கிறோம். களி மட்டும் இருந்தால் காயும்போது சுருங்கிச் சுருங்கி விரிசல் விடும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுப்போகிறது. நான்கு கால்களைக் குழாய்போல எழுப்பி, அவை உடம்பின் எடையைத் தாங்குமளவு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்காக நன்றாக உலரவும் விட்டுவிடக்கூடாது. உலர்ந்த காலின்மேல் ஈர வயிற்றை வைத்தால் இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும். அதனால் ஒட்டுப்போடப் போகிற விளிம்பில் ஈரச் சாக்கைச் சுற்றிவைக்கிறோம். வயிறு, கழுத்து, தலை என்று நாள்கணக்கில் ஏறும் இந்த வேலையில் கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் அதிகப் பொறுப்பு.

பிறகு சூளை. எவ்வளவு காய்ந்த பச்சை மண்ணிலும் ஈரம் மிச்சம் இருக்கும். முதலில் இலேசாகச் சூடு காட்டி அதைப் போக்க வேண்டும். அவசரப்பட்டால் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணைத் தெறிக்க வைக்கும். அதற்குப் பிறகும் மண்ணுக்குள் கட்டுண்ட நீர் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 500, 600 டிகிரியில்தான் அது விடுபடும், அப்போதுதான் மண் மறுபடி தண்ணீரில் கரையாத பொருளாகிறது. நெருப்பை எவ்வளவு நிதானமாக ஏற்றுவது என்பதைச் சுவரின் கனம் தீர்மானிக்கிறது. அந்தக் கனத்தை வைத்தவரோ வனைந்தவர். குதிரையின் காதை அழகாகச் செய்துவிட்டு, அதன் அடியில் ஒரு காற்றுத்துளை விட மறந்தவருக்கு, அந்தக் காது ஏன் தெறித்தது என்று யார் சொல்வது? சூளைக்காரர் "மண் சரியில்லை" என்பார், மண் மிதித்தவர் "நெருப்பு அதிகம்" என்பார். வேலை பிரிந்த இடங்களில் இந்த வழக்கு ஓயாமல் நடக்கும். அடுத்த குதிரையின் காதும் தெறிக்கும்.

பல பொருளில் பழகிய கைக்கு வேறொரு சிக்கல். திருக்கனூர்க் காகிதக்கூழ் கைவினையை நான் மிகவும் மதிக்கிறேன். வில்லியனூர்ச் சுடுமண்ணைப் போலவே அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் காகிதக்கூழில் ஓர் இடம் பிளந்தால், காய்ந்த பிறகும் கூழை அப்பித் தேய்த்து வண்ணம் பூசிவிடலாம். அந்தப் பழக்கத்தோடு மண்ணுக்கு வருகிற கை, ஒட்டுப்போடும் இடத்தில் பொறுமை காட்டாது. காய்ந்த மண் மறு வாய்ப்புத் தருவதில்லை. ஒரு பொருளில் நல்லதாக இருந்த பழக்கத்தை இன்னொரு பொருளில் மறக்க வேண்டியிருக்கிறது. மறப்பதற்கும் காலம் வேண்டும், ஒரு மாதப் பயிற்சியில் அதற்கு ஏது இடம்?

பலவும் கற்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித்தோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், மட்பாண்டக் கலைக்கு வருமுன் கட்டடக்கலை படித்தவர். 1980களில் அவர் பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல், ஓடு போன்றவற்றை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். கட்டடம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த எண்ணம் எளிதில் வந்திருக்காது. பானை மட்டும் தெரிந்தவருக்குத் துணிவு வந்திருக்காது. அவருடைய இரண்டு கல்வியும் சந்தித்த இடம் மண்ணும் நெருப்பும்.

நம் பக்கத்துப் பாகூரிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பதினான்கு வித்தைகளுக்கான இடம் அது. ஒலியியல், இலக்கணம், யாப்பு, வானியல் எல்லாம் அந்தப் பதினான்கில் அடக்கம். பார்த்தால் பரந்த படிப்பு. ஆனால் வேதத்தைப் பிழையின்றி ஓதவும், சடங்கை உரிய நேரத்தில் செய்யவும், பொருளை விளங்கிக்கொள்ளவும் துணையாக வளர்ந்த வித்தைகள் அவை. மண் மிதிப்பதற்கும் சூளைக்கும் உள்ள உறவை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தனித்தேர்ச்சி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். கார்த்திகைக்கு அகல் செய்பவர் சக்கரத்தின் நடுவில் மண்ணைக் குவித்து, விளக்கு விளக்காக இழுத்து நூலால் அறுத்து எடுக்கிற வேகத்தை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். எங்கள் ஊர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றதும் சுடுமண் என்ற ஒரே துறைக்காகத்தான். ஆனால் அந்த அகல்காரர் மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே பதம் சொல்வார், சூளையும் வைப்பார். அவருடைய வேகம் அந்த அறிவின் மேல் நிற்கிறது.

ஆகவே முகம் மட்டும் போதும் என்கிற பிள்ளைகளை நான் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் ஒரு சிறு குதிரை: மண்ணைச் சலிப்பதிலிருந்து சுட்ட பொருளை எடுப்பது வரை அவர்களே செய்யவேண்டும். அதன்பிறகு ஆயுள் முழுக்க முகம் மட்டுமே செய்யட்டும். சூளை பிரிக்கிற அன்று மட்டும், எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வந்து, உடைந்த சில்லுகளைத் தங்கள் கையால் பொறுக்கிப் பார்க்க வேண்டும்.