இரண்டு கடல் தண்ணீர்

வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட சேதி, தண்ணீருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிடும். "மானாமதுரை தாண்டிருச்சாம்" என்று பஸ்ஸில் வந்து இறங்கியவர் யாராவது சொல்வார். பார்த்திபனூர் மதகணையில் பிரியும் கால்வாய்தான் எங்கள் கண்மாய்க்கு வரத்து. பள்ளிக்கூடத்துப் பையைத் திண்ணையில் வீசிவிட்டு வரத்துக்காலுக்கு ஓடுவோம்.

முதல் தண்ணீர் பாய்ந்தெல்லாம் வராது. நாங்கள் நடப்பதைவிட மெதுவாக, காய்ந்த மணலை நக்கிக்கொண்டே வரும். முன்னால் அழுக்கு நுரை. அதன்மேல் கருவேலங்காய், ஆட்டுப்புழுக்கை, வேப்பஞ்சருகு, சருகில் தொற்றிக்கொண்டு முட்டையோடு மிதக்கும் எறும்புகள். மணலுக்குள் அடைபட்டுக் கிடந்த காற்று கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உடையும். வழியில் நண்டுவளை ஒன்று வந்துவிட்டால் போதும், மொத்தத் தண்ணீரும் அதற்குள் இறங்கி அங்கேயே நின்றுவிடும். நாங்களும் நிற்போம். வளை நிறைந்து வழிந்த பிறகுதான் எல்லாருக்கும் பயணம். கண்மாய் முகப்பில் பெண்கள் குலவை போடுவார்கள், யாராவது சூடம் கொளுத்துவார்கள்.

கண்மாய்க்குள் வந்த தண்ணீரும் உடனே கண்ணில் படாது. கோடையில் கரம்பை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். "தரை குடிச்சு முடிக்கட்டும் அப்பு, மிச்சந்தான் நமக்கு" என்பார் அய்யா.

தரை குடித்தது எங்கே போனது என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். கரைக்குக் கீழே எங்கள் கிணறு. கண்மாயில் தண்ணீர் நின்ற கொஞ்ச நாளில், மழை ஒரு சொட்டும் விழாமலேயே, கிணற்றுப் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கும். சவர்த் தண்ணீரில் வேகாமல் அடம்பிடித்த பருப்பு ஒருநாள் மலர்ந்து வெந்துவிடும். "கம்மாத் தண்ணி கெணத்துக்கு எறங்கிருச்சு" என்று அடுப்படியிலிருந்தே அறிவிப்பாள். உலகத்து நன்னீரில் ஏறக்குறைய 30 சதவீதம் நிலத்துக்கடியில் இருக்கிறது, ஆறு ஏரிகளில் இருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை என்று பின்னாளில் படித்தபோது, அந்தப் பருப்புச் சட்டிதான் நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் கடல், மேகம், மலை, ஆறு என்று வரைந்து வட்டமாக அம்புக்குறி போட்டார். அதில் கண்மாயும் இல்லை, கிணறும் இல்லை. தண்ணீர் வரும் வழி அத்தனை ஒழுங்கான வட்டமும் இல்லை. வைகை அணைக்கு வரும் நீரில் ஒரு பங்கு பெரியாற்று நீர். அரபிக்கடலிலிருந்து கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து மலையில் மோதிப் பெய்த மழை. தன்போக்கில் விட்டால் மேற்கே ஓடி அதே கடலில் விழுந்திருக்கும். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் அதை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. இதெல்லாம் போதாதென்று ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா மேகம் நேராகக் கண்மாய்க்குள்ளேயே கொட்டும். நாங்கள் முங்கிக் குளித்தது இரண்டு கடல் தண்ணீரில் என்று அப்போது யார் சொன்னார்கள்!

வாங்கியதை வானம் திரும்பக் கேட்கும். எங்கள் கண்மாய் விரிந்த தாம்பாளம், ஆழம் குறைவு. வெயில் ஒரு பக்கம், நெற்பயிர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி மேலே போன நீராவி சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் காற்றில் தங்குமாம். உலகத்துக் காற்றிலுள்ள ஈரம் முழுவதையும் ஒரே நேரத்தில் இறக்கினால் எங்கும் 25 மில்லிமீட்டர் மழை பெய்யும். அய்யா கணக்கில் அது ஓர் உழவு மழை. அவ்வளவு பெரிய வானத்தின் கையிருப்பு இவ்வளவுதான்!

கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டும். அதுதான் முறை. ஆனால் ஒரு மார்கழியில் எங்கள் ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்குக் கற்களுக்கு நடுவே மண்ணை அடைத்து மட்டத்தை உயர்த்திவிட்டார்கள். விடிவதற்குள் கீழ் ஊரார் கம்போடு வந்து நின்றார்கள். அய்யா கையில் மண்வெட்டி. எதிரே முதல் ஆளாக நின்றவர் என் மாமா, அத்தையைக் கட்டியவர். பேசி முடித்து மண்ணை எடுக்க மத்தியானமாகிவிட்டது. தண்ணீர் போய்விட்டது, அத்தைதான் அந்தப் பொங்கலுக்கு வரவில்லை.